மாயன் கணக்குப்படி ஒரு கல்யாணம்

சன்னிவேல், கலிபோர்னியா
1 மார்ச் 1987

மான்மவுத் ஜங்ஷன் மகாதேவன் அண்ணாவுக்குப் பிச்சுமணியின் அநேக நமஸ்காரம். நீங்களும் அனந்தலக்ஷ்மி அக்காவும் நியூஜெர்சிப் பனியில் வழுக்கி விழாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் ராஜியும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம்.

உங்கள் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்தது. அக்டோபர் இருபத்தைந்துக்கு இப்போதே பத்திரிகை அடித்தவர் இந்த அமெரிக்காவிலேயே நீங்கள் ஒருவர்தான். சந்தோஷம். ரொம்ப சந்தோஷம். இரண்டு தரம் எழுதிவிட்டேன், போதும்.

நம் தோசைக் கடை அமோகமாக நடக்கிறது. சனிக்கிழமை காலையில் எல் கமினோ சாலையில் நிற்கிற கியூ சான்பிரான்சிஸ்கோ வரை போகிறது. அதாவது பக்கத்தில் காசு போட்டுத் துணி துவைக்கிற லாண்டிரமட் வரை. அதுவே தூரம்தான். அந்தக் கியூவில் டெப்ரா என்று ஒரு அம்மாள் வருகிறாள், யோகா டீச்சர். மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டே மாயன் காலண்டரைப் பற்றிச் சொன்னாள். மெக்ஸிகோவுக்குக் கீழே மாயன் என்று ஒரு பழைய ஜனம். அவர்களுக்கு இருநூற்றறுபது நாள் போனால் ஒரு சுற்று. நாளுக்கு நாள் ஒரு தேவதை. மனுஷன் சாவதும் பிறப்பதும் அந்தச் சுற்றில் ஏறி இறங்குவதுதானாம். நான் விடுவேனா, எங்கள் தாத்தாவே பஞ்சாங்கம் கணித்தவர் என்றேன். அவர் பஞ்சாங்கம் வாங்கினவர்தான், ஆனால் வாங்கினதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். அன்றிலிருந்து டெப்ரா என்னைக் குருஜி என்றுதான் கூப்பிடுகிறாள். நீங்கள் பிஎச்.டி. வாங்கி இருபது வருஷம் ஆச்சே, உங்களை யாராவது அப்படிக் கூப்பிட்டார்களா? சும்மா கேட்டேன்.

ராஜி அக்காவை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். கலிபோர்னியாவில் அதுதான் ஃபாஷன்.

உங்கள் அன்புள்ள ஷட்டகர்,
பிச்சுமணி

*

மான்மவுத் ஜங்ஷன்
21 மார்ச் 1987

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு ஆசீர்வாதம். எனக்கு முழங்கால் வலி. அனந்தா சௌக்கியம். உங்கள் இருவரின் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

கல்யாண ஏற்பாடுகள் நடக்கின்றன. செலவெல்லாம் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து வாத்தியார் வருகிறார். காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்து அனந்தாவுக்கு அரக்குக் கலரில் கூறைப்புடவை வந்துவிட்டது. தினம் ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறாள். இருநூறு பேர் சாப்பாடு. அதை நீ வந்து பார்த்துக்கொண்டால் எங்களுக்கு நிம்மதி. பிளேன் டிக்கெட் அனுப்புகிறேன்.

உன் தாத்தா பஞ்சாங்கம் கணித்ததாக உங்கள் குடும்பத்தில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஊரில் பொய் சொன்னால் கேஸ் போடுவார்கள். ஜாக்கிரதை.

மகாதேவன்

*

சன்னிவேல்
பிரபவ வருஷப் பிறப்பு, 14 ஏப்ரல் 1987

மகாதேவன் அண்ணாவுக்கு வருஷப் பிறப்பு நமஸ்காரம். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவவும். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் பிறந்த பிரபவ வருஷம் அறுபது வருஷம் சுற்றிவிட்டு இன்றைக்கு மறுபடி வந்து நிற்கிறது. வருஷமே உங்கள் வீட்டு வாசலில் வந்து பெல் அடிக்கிறது. கொடுத்துவைத்தவர். சமையலுக்குக் கூப்பிட்டதற்கும் நன்றி. அக்காவைக் கட்டினவர் மணையில் உட்காருவார், தங்கையைக் கட்டினவன் சாம்பார் கிளறுவான். நியாயம்தான். எனக்கு ஒன்றும் வயிற்றெரிச்சல் இல்லை.

ஆனால் ஒரு சமாசாரம். மாயன்களிடம் இரண்டு சக்கரம் இருக்கிறதாம். ஒன்று இருநூற்றறுபது நாள், மற்றது நம் வருஷம் மாதிரி முந்நூற்று அறுபத்தைந்து. இரண்டும் ஒரே இடத்தில் புறப்பட்டால் திரும்ப அதே இடத்தில் சேர ஐம்பத்திரண்டு வருஷம் ஆகும். அன்றைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டுப் புது நெருப்பு மூட்டுவார்களாம். அதைப் பார்த்தவன் மறுபிறவி எடுத்த மாதிரி. நம் அறுபதுக்கு இது எதில் குறைச்சல்? எனக்கு இந்த ஆகஸ்டில் ஐம்பத்திரண்டு முடிகிறது. டெப்ராவின் கூட்டமும் ஆகஸ்ட் பதினாறு, பதினேழு இரண்டு நாளும் யுகம் மாறப்போகிறது என்று விடியற்காலையில் சூரியனைக் கும்பிடப் போகிறார்கள். அமெரிக்கா முழுக்க மலை மலையாக ஏறப்போகிறார்களாம். ஆகவே பதினாறாம் தேதி காலை எனக்கும் ராஜிக்கும் கல்யாணம். உங்களுக்கு இரண்டு மாசம் முன்னால்.

இன்னொன்று. இருநூற்றறுபது நாளை ஒரு வருஷம் என்று வைத்தால் எனக்கு இப்போது எழுபத்துமூன்று. உங்கள் அறுபதைவிடப் பெரியவன். இனி நீங்கள்தான் எனக்கு நமஸ்காரம் போட வேண்டும்.

விளையாட்டை விடுங்கள். எங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, எடுத்து நடத்த ஆளில்லை. நீங்களும் அக்காவும் வர வேண்டும். பிறந்தகத்துப் புடவை அக்கா கையால் வர வேண்டும். ராஜிக்குப் பிறந்தகம் என்று இந்தக் கண்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அவள் இப்போதெல்லாம் புடவையில் கொசுவம் இரண்டு கூடுதலாக வைத்துக் கட்டுகிறாள். அழகாகத்தான் இருக்கிறது.

பிச்சுமணி (மாயன் வயது 73)

*

மான்மவுத் ஜங்ஷன்
9 மே 1987

சிரஞ்சீவி பிச்சுமணிக்கு ஆசீர்வாதம். வேப்பெண்ணெய் நாற்றத்தில் அனந்தா என்னை அடுத்த ரூமுக்கு அனுப்பிவிட்டாள். மற்றபடி க்ஷேமம்.

உன் கணக்குப்படி எனக்கு எண்பத்துநாலு. சதாபிஷேகமே தாண்டிவிட்டேன். எனவே நமஸ்காரம் நீதான் போட வேண்டும். இரண்டாவது, ஆகஸ்ட் பதினாறு ஆடி மாசக் கடைசி நாள். ஆடியில் எவனாவது தாலி கட்டுவானா? பஞ்சாங்கம் கணித்த பரம்பரைக்கு இது தெரிய வேண்டாமா? மூன்றாவது, அக்டோபருக்காக லீவைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வேடிக்கைக்கெல்லாம் கலிபோர்னியா வர முடியாது.

நான் வீடு வாங்கினபோது நீ கடை வாங்கினாய். நான் கார் மாற்றினபோது நீ வேன் மாற்றினாய். இப்போது எனக்கு அறுபது என்றதும் உனக்கு ஐம்பத்திரண்டு. இதற்கு ஒரு பெயர் உண்டு, பிச்சுமணி. அதை நான் எழுத வேண்டாம்.

சமையலுக்கு வருகிறாயா இல்லையா என்று தெரிவி.

மகாதேவன்

*

சன்னிவேல்
12 ஜூன் 1987

எண்பத்துநாலு வயது மகாதேவன் அண்ணாவுக்கு சாஷ்டாங்க நமஸ்காரம். நீங்கள் திடகாத்திரமாக இருக்க வேண்டும். நானும் இருக்கிறேன்.

ஆடி விஷயம் நீங்கள் சொன்னது சரி. நான் வேண்டுமென்றேதான் தப்பாக எழுதினேன், நீங்கள் கவனிக்கிறீர்களா என்று பார்க்க. பதினேழாம் தேதி ஆவணி பிறக்கிறது. கடைக்கும் அன்றைக்கு லீவு. பதினேழு விடியற்காலை என்று மாற்றிவிட்டேன். டெப்ராவின் கூட்டமும் மலைக்குப் போவதை விட்டுவிட்டு நம் கடைக்குப் பின்னால் பார்க்கிங் லாட்டுக்கே வருகிறார்கள். ராஜிக்காகத்தான், அவளால் இப்போது மலையெல்லாம் ஏற முடியாது.

இங்கே ராஜிக்கு நடக்கிற ராஜோபசாரத்தை நீங்கள் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அவள் வயிற்றைப் பார்க்கப் பத்து டாக்டர்கள் சுற்றி நிற்கிறார்கள், அதில் ஒருவர் ஜெர்மன்காரர். இப்படி ஒரு கேஸை அவர்கள் பார்த்ததே இல்லையாம். உங்கள் முழங்காலுக்கு எத்தனை டாக்டர்? தலைக்குப் பட்டு ஸ்கார்ஃப் கட்டிக்கொள்கிறாள், சினிமா ராணி மாதிரி. சாப்பாடு கிளிக்குப் போடுகிற அளவு.

சமையலுக்கு என்னால் வர முடியாது. அக்டோபரில் எங்களுக்கு என்ன நிலவரமோ. புடவை விஷயத்தை அக்காவுக்கு ஞாபகப்படுத்தவும். இது வேடிக்கை இல்லை.

பிச்சுமணி

*

மான்மவுத் ஜங்ஷன்
5 ஜூலை 1987

பிச்சுமணிக்கு அனந்தலக்ஷ்மி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். பத்து டாக்டராம், ஜெர்மன்காரராம் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் சான்பிரான்சிஸ்கோ என்றால் நான் லாண்டிரமட் என்று எடுத்துக்கொள்கிறவள். பத்து டாக்டர் என்றால் ஒரு டாக்டர். ஆனால் ஒரு டாக்டர் இருந்தாலும் அவர் டாக்டர்தானே? செவ்வாய்க்கிழமைதோறும் எதற்கு டாக்டர்? தலையில் எதற்கு ஸ்கார்ஃப்?

போன் பண்ணினால் ராஜி "நன்னாயிருக்கேன் அக்கா" என்று ஒரு வரி சொல்லிவிட்டு உங்களிடம் கொடுத்துவிடுகிறாள். முன்னெல்லாம் என்னோடு ஒரு சண்டை போடாமல் போனை வைத்ததே இல்லை. எனக்குக் கூறைப்புடவை நெய்ய ஆர்டர் கொடுத்தேன் என்றதும் ஒரு மணி நேரம் கலர் பற்றிச் சண்டை போட்டாள். புடவை வந்தாச்சு என்றேன், "சந்தோஷம்" என்கிறாள். ராஜி அப்படிச் சொல்கிறவள் இல்லை.

எனக்கு மட்டும் ஒரே ஒரு கடிதம் ஜோடனை இல்லாமல் எழுதுங்கள். இவரிடம் காட்ட மாட்டேன்.

அனந்தலக்ஷ்மி

*

சன்னிவேல்
14 ஜூலை 1987

அக்காவுக்கு நமஸ்காரம்.

ஒரு டாக்டர்தான். ஜெர்மன்காரர் இல்லை. சுவிசேஷமுத்து என்று பாளையங்கோட்டைக்காரர். இங்கிலீஷில் சொல்லியிருந்தால் புரியாத மாதிரி இருந்திருப்பேன். அவர் தமிழில் சொல்லிவிட்டார். வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் போய்விட்டது. ஜனவரியிலேயே தெரியும். மருந்து ஏற்றுகிறார்கள், தாங்க முடியவில்லை. தீபாவளிக்கு இருப்பாளா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மூடினார்.

ராஜிக்கு எல்லாம் தெரியும். அவள்தான் உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றாள். "அக்காவுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தை நிறுத்திடுவா. அவ மணையில உக்காரட்டும். யாராவது ஒருத்தி உக்காரணும்." இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனில் பேசும்போது பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால் நான் எதையும் உளறிவிட முடியாது. கடிதத்தை மட்டும் அவள் வாசிப்பதில்லை. நான் எழுதுவதெல்லாம் புளுகு என்று அவளுக்குத் தெரியும்.

டெப்ரா ஐம்பத்திரண்டு என்று சொன்னபோது எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை அக்கா. அறுபது வரைக்கும் எட்டு வருஷம் என்னால் இவளைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஐம்பத்திரண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அண்ணா எழுதாமல் விட்ட அந்த வார்த்தையை நானே எழுதிவிடுகிறேன். பொறாமைதான். வீட்டின் மேல் இல்லை, காரின் மேல் இல்லை, கொஞ்சம் இருந்தது, அது வேறே. அக்டோபர் இருபத்தைந்தாம் தேதி அவர் வலது பக்கம் திரும்பினால் நீங்கள் இருப்பீர்கள். அதை நினைத்தால் எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஷட்டகர் மேல் இப்படி ஒரு பொறாமை எவனுக்காவது வந்திருக்குமா என்று தெரியாது. எனக்கு வந்துவிட்டது.

புடவை ஒன்று கொண்டுவாருங்கள். எது என்றாலும் சரி. ஜே.சி. பென்னி கடையில் வாங்கின பெட்ஷீட்டாக இருந்தாலும் சரி, உங்கள் கையால் வந்தால் போதும்.

பிச்சுமணி

*

சன்னிவேல்
20 ஆகஸ்ட் 1987

மகாதேவன் அண்ணாவுக்கு நமஸ்காரம். ஒரு மாசமாக அக்கா இங்கே இருக்கிறாள், நீங்கள் அங்கே உப்புமாவில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் கற்றுக்கொண்டிருப்பீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். ராஜி இருக்கிறாள்.

நீங்கள் லீவு போட முடியவில்லை என்றதில் எனக்கு வருத்தமில்லை. வந்திருந்தால் மந்திரத்தில் தப்புக் கண்டுபிடித்திருப்பீர்கள். வாத்தியார் கிடைக்கவில்லை, கேசட்தான். நடுவில் டேப் சிக்கி ஒரு மந்திரத்தை மூன்று தரம் சொல்லிற்று. மூன்று தரமும் நான் ஸ்வாஹா சொன்னேன்.

பதினேழாம் தேதி இருட்டோடு பார்க்கிங் லாட்டில் முந்நூறு பேர். அக்கா அங்கே இருந்ததால் நிஜத்தை எழுத வேண்டியிருக்கிறது, முப்பது பேர். கையில் சங்கும் இறகும். டெப்ராவின் புருஷன் மட்டும் காபி தம்ளரோடு வந்தான். கடையில் இருந்த அடுப்பு எல்லாவற்றையும் முதல் நாளே அணைத்துவிட்டேன், எப்போதும் எரிகிற அந்தச் சின்னப் பைலட் சுடர் உள்பட. ஏழு வருஷத்தில் அந்த அடுப்பு அணைந்ததே இல்லை. கடை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் சாயங்காலம் அக்கா பெட்டியைத் திறந்து புடவையை எடுத்தாள். அரக்குக் கலர். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ராஜிக்கும்.

"இது உன்னோடது" என்றாள் ராஜி.

"பொட்டியில கெடந்தா பூச்சி அரிக்கும். கட்டிக்கோ."

"அக்டோபருக்கு?"

"எங்கிட்ட புடவையே இல்லியா? நீதானே கலர் நன்னாயில்லேன்னு அன்னிக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டே."

ராஜி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "பொறாமையில சொன்னேன். சின்ன வயசிலேர்ந்து உன் துணி மேலதான் எனக்குக் கண்ணு. கேட்டா ஒரு நாளாவது குடுத்திருக்கியா?"

"அதான் இப்ப கேக்காம குடுத்துட்டேனே" என்றாள் அக்கா. அப்புறம் பாத்ரூமுக்குப் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

லாண்டிரமட் கூரைக்கு மேலே சூரியன் வந்தபோது தாலி கட்டினேன். முதல் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சை என் அத்தைதான் போட்டாள், இந்தத் தரம் மூன்றும் நானே. முடிச்சுக்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை, கழுத்து அவ்வளவு மெலிசு. டெப்ரா சங்கு ஊதினாள். ராஜி என் காதோடு, "மகாதேவன் அத்திம்பேரை முந்திட்டேள், திருப்திதானே?" என்றாள். திருப்தி என்றேன். அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். முதலில் பாயசம். ராஜி இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். இதில் புளுகு இல்லை, இரண்டு ஸ்பூன்.

அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் அண்ணா. உங்களிடம் கேட்டு வாங்குவது இது ஒன்றுதான்.

பிச்சுமணி

*

சன்னிவேல்
30 அக்டோபர் 1987

மகாதேவன் அண்ணாவுக்கு நமஸ்காரம். அக்கா பத்திரமாக அங்கே வந்து சேர்ந்ததும், உங்கள் கல்யாணம் குறையில்லாமல் நடந்ததும் போனில் கேட்டுக்கொண்டேன். நான் இருக்கிறேன்.

ராஜி போனபோது நீங்கள் பிளேன் ஏறி வந்து, என் கடையில் மூன்று நாள் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனீர்கள். அதை நான் யாரிடமும் பெருமையடிக்கவில்லை. அதனால் நிஜம் என்று தெரிந்துகொள்ளவும்.

கூறைப்புடவை அவளோடு போயிற்று. அக்காதான் கட்டிவிட்டாள். நான் அக்காவுக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றேன், கண்ணாலேயே அடக்கிவிட்டாள்.

இருபத்தைந்தாம் தேதி காலையில் பார்க்கிங் லாட்டில் போய் நின்றேன். அங்கே இப்போது மாங்கல்ய தாரணம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பண்ணினேன். அக்கா வலது பக்கம் உட்கார்ந்தாளா, என்ன புடவை என்று எழுதவும். ரொம்பவும் விவரமாக எழுத வேண்டாம். இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது. பழகின சாமான், அதுவும் வீட்டோடு இருக்கட்டும்.

கடையைத் திறந்துவிட்டேன். வருகிறவர்களெல்லாம் ராஜிக்கு வயசு நாற்பத்தேழா, நாற்பத்தேழுதானா என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் டெப்ராவிடம் அந்தக் காலண்டரை வாங்கி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாயன் கணக்குப்படி ராஜிக்கு அறுபத்தாறு. அறுபது வந்து, கல்யாணமும் பார்த்து, அதற்கு மேலும் ஆறு வருஷம் இருந்திருக்கிறாள். இனிமேல் கேட்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன். நீங்கள் வழக்கம்போலத் தப்பு என்று எழுதுவீர்கள். எழுதுங்கள்.

பிச்சுமணி

*

மான்மவுத் ஜங்ஷன்
8 நவம்பர் 1987

அன்புள்ள பிச்சுமணிக்கு,

முழங்கால் தேவலை. வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

அனந்தா பழைய நீலப் பட்டுதான் கட்டிக்கொண்டாள். சமையல் சுமார். கிறிஸ்துமஸுக்குக் கடையை மூடிவிட்டு இங்கே வந்து இருக்கவும், டிக்கெட் இத்துடன் இருக்கிறது. சமையலுக்கு அல்ல.

ராஜியின் பிறந்த தேதியை அனந்தாவிடம் கேட்டு வாங்கி, நாட்களைக் கூட்டி, இருநூற்றறுபதால் வகுத்துப் பார்த்தேன். நம்பாமல் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு தரம் போட்டேன்.

அறுபத்தாறு. சரியாகத்தான் இருக்கிறது.

மகாதேவன்